லாக் புக், விடுதலைப் பத்திரம், ஆயுத பூஜை பொரி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்கள் நிறைய கடலூர், புதுச்சேரி பக்கத்துலேருந்துதான். பேர் போட வேணாம்னு பல பேர் கேட்டிருந்தீங்க, அதனால யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கேன். உபவாசம், ஜெப முறை பத்தி கேட்டவங்க பொறுத்துக்கணும், அதெல்லாம் அடுத்த மாசம், ஏன்னா இந்தத் தடவ வந்ததுல சிலது அவசரம்.

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில ஈ.டி.பி. ஆபரேட்டரா இருக்கேன், காண்ட்ராக்ட் வேலை. கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணி விடற பிளான்ட் என் பொறுப்பு. நைட் ஷிஃப்ட்ல கரண்ட் மிச்சம் பண்ண ஏரேஷன் டேங்க்குக்குக் காத்து ஊதற புளோயரை ஆஃப் பண்ணச் சொல்றாங்க, ஆனா லாக் புக்குல ராத்திரி பூரா ஓடினதா எழுதணும், மீட்டரை முக்கிப் பாக்காமலே பி.ஹெச். (அமில-கார அளவு) 7.2-ன்னு போட்டு கையெழுத்து போடணும். பெரிய மழை பேஞ்சா, கழிவைச் சுத்தம் பண்ணாமலே வெளிய விடற பைபாஸ் வால்வைத் திறந்துடச் சொல்றாங்க. வீட்டு லோன் இருக்கு, பசங்க படிக்கறாங்க. பாஸ்டர்கிட்ட சொன்னேன், இது உலக காரியம் தம்பி, ஜெபத்துல வைப்போம்னார். நான் என்ன பண்ணட்டும்? (கடலூர் முதுநகர்)

பதில்: தம்பி, பாஸ்டர் ஜெபத்துல வைக்கட்டும், நல்லதுதான், ஆனா இதை உலக காரியம்னு தள்ளி வைக்க முடியாது. பிறனுக்கு விரோதமா பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு பத்துக் கட்டளையில இருக்கே, லாக் புக்குல நீங்க போடற கையெழுத்து சாட்சிதானே. நாளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துலேருந்து ஆபீசர் வந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த டேங்க் எப்படி இருந்துச்சுன்னு அவரால பாக்க முடியாது, உங்க எழுத்தைத்தான் பாப்பாரு, அதை நம்பித்தான் போவாரு. அந்தப் பிறன் யாருன்னு உங்களுக்கே தெரியும். சிப்காட்டுக்குப் பின்னாடி ஓடற உப்பனாத்துல வலை போடறவங்க, குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் கிணத்துத் தண்ணி குடிக்கறவங்க. அந்த ஊர் ஜனங்க 2004-லயே நாத்தம் தாங்காம தாங்களே வாளிக்குள்ள பை வெச்சு காத்தைப் பிடிச்சு லேபுக்கு அனுப்பி என்னென்ன கெமிக்கல் கலந்திருக்குன்னு ரிப்போர்ட் போட்டாங்க. படிச்ச பெரிய ஆபீசர் யாரும் செய்யாத வேலையை மீன் விக்கறவங்களும் கூலி வேலைக்குப் போறவங்களும் செஞ்சாங்க, அவங்க எழுதினது உண்மை எழுத்து. உங்க கையில இருக்கறதும் ஒரு நோட்டுதான்.

புளோயரை நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்கு நீங்கதான் சொல்லணும், இருந்தாலும் படிக்கறவங்களுக்காகச் சொல்றேன். அந்த டேங்குல அழுக்கைத் தின்னு சுத்தம் பண்றது நுண்ணுயிரிங்க, அதுங்களுக்கு மூச்சுக் காத்து புளோயர்லேருந்துதான் வருது, ராத்திரி பூரா நிறுத்தினா அதுங்க செத்து டேங்க் அழுகிப் போகும், காலையில ஓட்டினாலும் உடனே தேறாது, அப்போ வெளிய போறது பாதி சுத்தமான தண்ணி கூட கிடையாது. வெளிய விடற தண்ணியில, எவ்வளவு அழுக்கு மிச்சமிருக்குன்னு காட்டற சி.ஓ.டி. லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், பி.ஹெச். 5.5-லேருந்து 9-க்குள்ள இருக்கணும்னு பொதுவா விதி. நீங்க எழுதற 7.2 அந்த விதிக்கு ரொம்ப அழகா பொருந்துது, அதனாலதான் அதை எழுதச் சொல்றாங்க.

இப்போ என்ன செய்யறதுங்கறதுக்கு வரேன். நாளைக்கே ராஜினாமா பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன், லோன் கட்டறது நானில்ல. பைபிள்ல தானியேல் புஸ்தகத்தை முதல் அதிகாரத்துலேருந்து நிதானமா படிங்க. சிங்கக் கெபி ஆறாம் அதிகாரத்துலதான் வருது, ஆரம்பத்துல தானியேல் என்ன பண்றான்னா மேல இருக்கற அதிகாரிகிட்ட மரியாதையாப் போய், பத்து நாள் சோதிச்சுப் பாருங்கன்னு ஒரு மாத்து வழி கேக்கறான். அவனால முடியாதுங்கறதை மட்டும் சொல்லல, என்ன முடியும்ங்கறதையும் சொல்றான். நீங்களும் மேனேஜர்கிட்ட தனியா போங்க, நாலு பேர் முன்னாடி வேணாம். சார், அளக்காத நம்பரை என்னால எழுத முடியாது, புளோயரைக் கொறைச்ச ஸ்பீடுல ஓட்டியோ நேரம் பிரிச்சு ஓட்டியோ கரண்ட் மிச்சம் பண்ண முடியுமான்னு நம்ம என்ஜினியரைக் கேப்போம், அதுக்கு நான் கூட நிக்கறேன்னு சொல்லுங்க. அன்னிக்கு ராத்திரியிலேருந்தே மீட்டர் காட்டினதை மட்டும் எழுதுங்க. புளோயர் நின்னா நின்ன நேரம் எழுதுங்க. யார் சொல்லி நிறுத்தினீங்கங்கறதை தேதியோட உங்க சொந்த நோட்டுல தனியா எழுதி வீட்டுல வையுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா மீனெல்லாம் கூட்டமா செத்து மிதந்து விஷயம் வெளிய வந்தா முதல்ல மாட்டறது கையெழுத்து போட்ட காண்ட்ராக்ட் ஆள்தான், மேனேஜர் நான் சொல்லவே இல்லன்னுடுவாரு.

பைபாஸ் வால்வு வேற விஷயம். அதைத் திறக்காதீங்க. லாக் புக்குக்கு மாத்து வழி கேக்கலாம், அதுக்குக் கேக்க முடியாது, அந்தத் தண்ணி நேரா ஆத்துக்குப் போகுது. 1974-ம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி அது குத்தம். எகிப்துல பார்வோன் ஆம்பளப் பிள்ளைங்களைக் கொல்லுன்னு சொன்னப்போ சிப்பிராளும் பூவாளும் மருத்துவச்சி வேலையை விட்டுட்டுப் போகல, வேலையில இருந்துக்கிட்டே அந்த ஒண்ணை மட்டும் செய்யல. பேசிப் பாத்தும் நடக்கலன்னா வாரியத்தோட கடலூர் மாவட்ட ஆபீசுக்கு எழுதுங்க, சென்னையில பசுமைத் தீர்ப்பாயம் இருக்கு. அதுக்குள்ள வேற வேலை தேட ஆரம்பிங்க, ஈ.டி.பி. தெரிஞ்ச ஆளுக்கு ராணிப்பேட்டையிலயும் திருப்பூர்லயும் வேலை உண்டு. உங்க சபையில யாராவது கம்பெனி மேனேஜரா இருந்தா அவர்கிட்ட பேசுங்க. பாஸ்டர்கிட்டயும் மறுபடி போங்க, இந்தத் தடவ ஜெபத்தோட ஒரு மாச லோன் தவணைக்கு சபை உதவுமான்னும் கேளுங்க. ஒருத்தர் நேர்மைக்காக வேலையை இழந்தா சபை அவர் கூட நிக்கலன்னா அப்புறம் அந்தச் சபை எதுக்கு?

கேள்வி: வில்லியனூர் பக்கம் லேத் பட்டறையில வேலை செய்யறேன். ஆயுத பூஜை அன்னிக்கு முதலாளி மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சு, பொரி கடலை பழம் குடுக்கறாரு. நான் வாங்கலாமா கூடாதா? எங்க வீட்டுல வாங்கினா பாவம்னு சொல்றாங்க. (புதுச்சேரி)

பதில்: பவுல் கொரிந்தியர் முதல் நிருபத்துல 8-லயும் 10-லயும் இதே கேள்விக்குத்தான் பதில் சொல்றாரு. விக்கிரகம்னு ஒண்ணுமில்ல, ஆகாரம் நம்மள கடவுள்கிட்ட கிட்ட சேக்கவும் சேக்காது தள்ளவும் தள்ளாது, ஆனா கூட இருக்கற பலவீனமான ஒருத்தன் அதைப் பாத்து இடறினா அன்புக்காக விட்டுடுன்னு சொல்றாரு. அப்போ உங்க மனசாட்சிதான் கணக்கு. மனசு உறுத்தலன்னா வாங்கிச் சாப்பிடுங்க, உறுத்தினா சிரிச்ச முகத்தோட கையைக் கூப்பி, அண்ணே தப்பா நெனைக்காதீங்க, எங்க வழக்கத்துல இல்லன்னு சொல்லுங்க, வருஷம் பூரா நல்லா வேலை செய்யற ஆள் அப்படிச் சொன்னா எந்த முதலாளியும் கோவிச்சுக்க மாட்டாரு. வாங்கி மூலையில போட்டுட்டு வராதீங்க, அது அவருக்கும் அவமானம், சோத்துக்கும் அவமானம். பூஜை நடக்கறப்போ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறதும் வேணாம், மெஷினைத் துடைச்சு எண்ணெய் போடற வேலையை முந்தின நாளே எல்லாரை விடவும் நல்லா செஞ்சு குடுங்க. வில்லியனூர் மாதா கோவில் திருவிழாவுக்கு எத்தனை இந்துக் குடும்பம் மெழுகுவத்தி ஏத்த வருது, நாம யாரையும் வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்கறதில்லையே. வீட்டுல பேசறப்போ அதையும் சொல்லுங்க.

கேள்வி: அக்கா, எங்க அப்பா உயில் எழுதாம தவறிட்டாரு. திருப்பாதிரிப்புலியூர்ல அவர் சம்பாதிச்சு வாங்கின வீடும் காலி மனையும் இருக்கு. அம்மா, அண்ணன், நான், தங்கச்சி. அண்ணன் சர்ச் கமிட்டியில இருக்காரு, நல்லா ஜெபம் பண்ணுவாரு. இப்போ உனக்குத்தான் 25 பவுன் போட்டு கட்டிக் குடுத்தாச்சே, பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடுன்னு சொல்றாரு, சார்பதிவாளர் ஆபீசுல தேதியும் வாங்கிட்டாரு. யோசிக்கணும்னு சொன்னதுக்கு, விசுவாசிங்க சகோதரன் மேல வழக்கு போடக் கூடாதுன்னு வசனம் காட்டறாரு. என் வீட்டுக்காரர் கையெழுத்து போடாதேங்கறாரு, அம்மா போடுங்கறாங்க. ராத்திரி தூக்கமே இல்ல. (கடலூர்)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தத் தேதிக்குப் போகாதீங்க. காய்ச்சல்னு பொய்யெல்லாம் சொல்ல வேணாம், அண்ணா நான் இன்னும் தீர்மானிக்கல, அன்னிக்கு வரலன்னு நேரா சொல்லிடுங்க. பதிவான விடுதலைப் பத்திரத்தை அப்புறம் ரத்து பண்றது ரொம்பக் கஷ்டம், வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடக்கணும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம், ஏன்னா நம்ம ஜனங்கள்ல ரொம்பப் பேருக்கு இது தெரியல. உயில் இல்லாம இறந்த கிறிஸ்தவரோட சொத்து 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு சமமா, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. உங்க வீட்டுக் கணக்குப்படி மொத்தத்தை 9 பங்கா வெச்சா அம்மாவுக்கு 3, அண்ணனுக்கு 2, உங்களுக்கு 2, தங்கச்சிக்கு 2. இன்னொண்ணு, இதை அண்ணன்கிட்ட மெதுவா சொல்லுங்க, அதே சட்டத்துல 49-வது பிரிவு இருக்கு, அப்பா உயிரோட இருக்கறப்போ பிள்ளையோட வாழ்க்கைக்குன்னு குடுத்ததைப் பங்குலேருந்து கழிக்கக் கூடாதுன்னு அது சொல்லுது. உங்க 25 பவுனும் கழியாது, அண்ணனைப் படிக்க வெச்ச காசும் கழியாது.

வசனத்துக்கு வரேன். 1 கொரிந்தியர் 6-ல பவுல் சகோதரன் சகோதரனோட வழக்காடறதைக் கண்டிக்கறாரு, உண்மை. ஆனா அண்ணனை அங்க நிறுத்தாம எட்டாம் வசனம் வரைக்கும் படிக்கச் சொல்லுங்க. நீங்களே அநியாயம் செய்யறீங்க, நஷ்டப்படுத்தறீங்க, அதுவும் சகோதரருக்கே செய்யறீங்கன்னு அங்கதான் வருது. வழக்கு போடறவனைவிட வழக்கு போட வேண்டிய நிலைமைக்குத் தள்ளறவன் மேல அந்த அதிகாரத்துல கோபம் கொறைச்சலா இல்ல. பவுல் சொல்ற வழி என்னன்னா உங்களுக்குள்ளயே நியாயம் தீர்க்க ஒரு விவேகி இல்லையாங்கறதுதான். அதனால அண்ணனை விட வயசுல பெரியவங்க, ரெண்டு பக்கமும் மதிக்கற ஒருத்தர், கமிட்டியில அண்ணனுக்கு வேண்டப்பட்டவரா இல்லாத ஒருத்தரை வெச்சு அம்மா முன்னாடி உக்காந்து பேசுங்க.

எண்ணாகமம் 27-ஐ அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. செலோப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள், மோசே முன்னாடியும் மொத்த சபை முன்னாடியும் வந்து நின்னு எங்க அப்பா சொத்துல எங்களுக்குப் பங்கு குடுங்கன்னு கேக்கறாங்க. மோசே அதைக் கடவுள்கிட்ட கொண்டு போறாரு, அந்தப் பொண்ணுங்க கேக்கறது சரின்னு கடவுள் சொல்றாரு. அவங்க அப்பாவுக்கு மகன் இல்லாததால கேட்டாங்க, உங்க வீட்டுல மகன் இருக்காருன்னு அண்ணன் சொல்லலாம். சொல்லட்டும். கேட்ட பொண்ணுங்களை பேராசைக்காரிங்கன்னு கடவுள் ஒரு வார்த்தை சொல்லலங்கறதுதான் நீங்க கவனிக்க வேண்டியது. பங்கு கேக்கறது பாவம்ங்கற பயத்தை விட்டுடுங்க.

இதுக்கு அப்புறமும் நீங்க மனசார விட்டுக் குடுக்கலாம். அண்ணன்தான் அம்மாவைப் பாத்துக்கறாரு, அவருக்கு வருமானம் கம்மி, எனக்கு வேணாம்னு உங்களுக்குத் தோணினா அது அழகான காரியம், வீட்டுக்காரர் தடுத்தாலும் உங்க பங்கு உங்களோடது. ஆனா எவ்வளவுன்னு தெரிஞ்சு, யாரும் நெருக்காம, உங்க வாயால குடுக்கறதுதான் கொடை. ஏமாந்து போட்ட கையெழுத்துக்கு அந்தப் பேர் கிடையாது. இன்னொரு நடு வழியும் இருக்கு, அம்மா இருக்கற வரைக்கும் வீட்டைத் தொடாம அப்படியே விட்டுட்டு, மனையை மட்டும் பேசறது. அம்மாவோட மூணு பங்கை யாரும் மறந்துடாதீங்க, இந்த மாதிரிப் பேச்சுல எல்லாரும் மகன், மகள் பங்கையே பேசுவாங்க, அம்மாகிட்டயும் அந்தப் பத்திரத்துலயே கையெழுத்து வாங்கிடுவாங்க, அவங்களும் கேக்காம போட்டுடுவாங்க. பேசியும் ஒத்து வரலன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, கேஸ் போடாம சமரசம் பேசியும் வைப்பாங்க. அங்க போறது அண்ணன் மேல வழக்கு போடறதுன்னு ஆகாது.

அண்ணன் இதைப் படிச்சா அவருக்கு ஒரு வார்த்தை. காணிக்கை கொண்டு வர்றப்போ உன் சகோதரனுக்கு உன் பேர்ல குறை உண்டுன்னு ஞாபகம் வந்தா காணிக்கையை அங்கயே வெச்சுட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு மத்தேயு 5-ல ஆண்டவர் சொன்னதுல சகோதரிக்கும் இடம் உண்டு அண்ணா.

கேள்வி: நெல்லித்தோப்புப் பக்கம் இருக்கோம், பாரம்பரியக் கத்தோலிக்கக் குடும்பம். என் பொண்ணு ஒரு பையனை விரும்பறா. ரெண்டு பேரும் ஒரே பங்குக் கோவில், ஒரே பாடகர் குழு, பையன் நல்ல குணம், நல்ல வேலை. ஆனா அவங்க வேற ஜாதி, எங்களை விடக் கீழன்னு எங்க சொந்தத்துல சொல்லுவாங்க. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மனசுல ஒண்ணுமில்ல, சொந்தக்காரங்க கல்யாணத்துக்கே வர மாட்டாங்கன்னுதான் பயம். நல்ல விசுவாசக் குடும்பத்துப் பையனா நம்ம ஜனத்துலயே பாக்கலாமேன்னு அவகிட்ட சொன்னதுக்கு ஒரு வாரமா பேச மாட்டேங்கறா. (புதுச்சேரி)

பதில்: உங்க பொண்ணு பேசாம இருக்கறதுக்குக் காரணம் இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை அந்தப் பையன் நற்கருணை வாங்கற அதே வரிசையில உங்க சொந்தக்காரங்களும் வாங்கறாங்க. அங்க ஒரே அப்பம், மண்டபத்துல வேற பந்தியான்னு அவ கேக்கறா, வாயால கேக்கல அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல இது புதுசு இல்ல. பிரெஞ்சுக்காரங்க காலத்துல புதுச்சேரியில இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்புல 1745-ம் வருஷம் எழுதியிருக்காரு, புதுச்சேரி கோவிலுக்குள்ளயே தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவங்களைப் பிரிச்சு வைக்க ஒரு சுவர் இருந்துச்சு, அந்த மக்களே போய்ப் பெரிய சாமியார்கிட்ட நாங்களும் உங்க பிள்ளைங்கதானேன்னு முறையிட்டாங்க, சுவரை எடுத்தாங்க. அதை எடுத்து ஏறக்குறைய 280 வருஷம் ஆயாச்சு, நம்ம வீட்டு வரன் பாக்கற பேச்சுல அது இன்னும் நிக்குது. நல்ல விசுவாசக் குடும்பம், நம்ம ஜனத்துலயேன்னு ஒரே மூச்சுல சொல்றோம் பாருங்க, அதுல எது முதல்ல வருதுன்னு நாமளே நம்மளக் கேட்டுக்கணும்.

உங்க மனசுல ஒண்ணுமில்ல, சொந்தக்காரங்க பயம்தான்னு எழுதியிருக்கீங்க. அதை நம்பறேன். கலாத்தியர் 2-ல பேதுருவுக்கும் இதேதான் நடந்துச்சு. அந்தியோக்கியாவுல புற இனத்தார் கூட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தவரு, எருசலேம்லேருந்து சில பேர் வந்ததும் அவங்களுக்குப் பயந்து விலகி உக்காந்தாரு. அவர் மனசுலயும் ஒண்ணுமில்ல, பயம் மட்டும்தான். பவுல் அதைச் சின்ன விஷயம்னு விடல, எல்லார் முன்னாடியும் நேருக்கு நேரா எதிர்த்தாரு, நற்செய்தியோட உண்மைப்படி நடக்கலன்னு சொன்னாரு. சபையோட முதல் தலைவரையே சொந்தக்காரங்க பயம் சாய்ச்சுடுச்சுன்னா நம்மள சாய்க்காதா, அதனாலதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

ரெண்டு குடும்பமும் முதல்ல ஒரு நாள் உங்க வீட்டுல சேர்ந்து சாப்பிடுங்க. வெளிய ஓட்டல்ல வேணாம், உங்க வீட்டுல, உங்க தட்டுல. பையனோட வேலை, குணம், பொறுப்பு, குடிப் பழக்கம் இருக்கா இல்லையா, இதெல்லாம் எந்த அம்மாவும் விசாரிக்கற மாதிரி நல்லா விசாரிங்க, அது உங்க கடமை. அதுல திருப்தின்னா சொந்தக்காரங்களுக்கு நீங்களும் அவரும் சேர்ந்தே போய்ப் பத்திரிகை வையுங்க, பொண்ணு புடிச்ச இடம்னு தலையைக் குனிஞ்சு சொல்லாதீங்க, நாங்க பாத்து முடிவு பண்ணின இடம்னு சொல்லுங்க. சில பேர் வர மாட்டாங்கதான். அந்த வலி உண்மையானது, அதை நான் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பையனோட அம்மா இத்தனை வருஷம் அதே கோவில்ல உங்க பக்கத்துல உக்காந்து என்னென்ன வலியை விழுங்கியிருப்பாங்கன்னு ஒரு நாள் அவங்ககிட்டயே கேளுங்க.

கேள்வி: என் கணவர் சபையில ஆராதனை நடத்தறவர், கிடார் வாசிச்சுப் பாடினா எல்லாரும் அழுவாங்க. வீட்டுல என்னை அடிக்கறாரு. போன மாசம் காது கிட்ட அடிச்சதுல இன்னும் சரியா கேக்கல. பாஸ்டரம்மாகிட்ட சொன்னேன், அடங்கி இருந்து நடக்கையால அவரை ஆதாயப்படுத்துன்னு 1 பேதுரு 3-ஐ சொன்னாங்க. நான் அம்மா வீட்டுக்குப் போனா சாட்சி கெட்டுடுமா? (ஊர் வேண்டாம்)

பதில்: கெடாது. இன்னிக்கே போங்கம்மா.

காது கேக்கலன்னா முதல்ல ஆஸ்பத்திரி. புதுச்சேரியில அரசு பொது மருத்துவமனை, ஜிப்மர், கடலூர்ன்னா அரசு தலைமை மருத்துவமனை, எது பக்கமோ அங்க. டாக்டர் எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாரு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லாதீங்க, கணவர் அடிச்சாருன்னு சொல்லுங்க, அவர் அதைப் பதிவு பண்ணுவாரு, நாளைக்கு உங்களுக்கு அந்தப் பேப்பர் வேணும். பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல வந்தது, அதுப்படி ஒவ்வொரு மாவட்டத்துலயும் பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, அடிக்கக் கூடாதுன்னு கோர்ட் உத்தரவு வாங்கலாம், அந்த வீட்டுல குடியிருக்கற உரிமையும் உங்களுக்கு உண்டு, வீடு அவர் பேர்ல இருந்தாலும் சரி. இதுக்கெல்லாம் விவாகரத்து கேக்கணும்னு அவசியமில்ல.

1 பேதுரு 3-ஐ பாஸ்டரம்மா ஆறாம் வசனத்தோட மூடிட்டாங்க. ஏழாம் வசனம் புருஷங்களுக்கு, மனைவிக்கு மரியாதை குடுங்க, இல்லன்னா உங்க ஜெபத்துக்குத் தடை வரும்னு. உங்க கணவர் மேடையில ஏறி ஆராதனை நடத்தறதுக்கு முன்னாடி சபை கேக்க வேண்டிய கேள்வி அந்த வசனத்துலதான் இருக்கு. சவுல் ராஜா ஈட்டியை எறிஞ்சப்போ தாவீது என்ன பண்ணினான்? விலகினான், ஈட்டி சுவத்துல பாய்ஞ்சது, அன்னிக்கு ராத்திரியே தப்பி ஓடினான். ராஜாவைக் கடைசி வரைக்கும் மதிச்சான், கையில கிடைச்சப்போ கூட கொல்லல, சவுல் செத்ததும் அழுதான். ஆனா ஈட்டி எறியற தூரத்துல மறுபடி போய் உக்காரல. மன்னிக்கறதும் விலகி இருக்கறதும் அவன்கிட்ட ஒண்ணாவே இருந்துச்சு.

அவர் திருந்தினேன்னு சொல்லி வந்தா, சபை மேடையை விட்டு இறங்கட்டும், ஆலோசனைக்குப் போகட்டும், மாசக்கணக்கா அது நிக்குதான்னு பாருங்க, அதுக்கு அப்புறம் யோசிங்க. அழுது ஜெபம் பண்ணிட்டா உடனே கூட அனுப்பி வைக்கற பாஸ்டர்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன், தயவுபண்ணி அப்படிச் செய்யாதீங்க, அடி தாங்கறது நீங்க இல்ல. உங்களுக்குப் பிள்ளைங்க இருந்தா அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், நகை, மருந்து சீட்டு எல்லாம் ஒரு பையில எடுத்து வெச்சுக்கோங்க.

கேள்வி: எலக்ஷன் நேரத்துல எங்க ஊர் சர்ச் கமிட்டிக்கு ஒரு கட்சிக்காரர் வந்தாரு, கல்லறைத் தோட்டத்துக்கு காம்பவுண்டு சுவர் கட்டித் தரேன், உங்க ஜனங்க ஓட்டு நமக்குன்னு சொன்னாரு. கமிட்டியில பாதிப் பேர் சரிங்கறாங்க, நமக்காகவா கேட்டோம், சபைக்குத்தானேங்கறாங்க. (கடலூர் மாவட்டம்)

பதில்: ஐயா, சபைக்குன்னாலும் அது லஞ்சம்தான். ஓட்டுக்காக ஒருத்தருக்குப் பொருளோ நன்மையோ குடுக்கறது 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-வது பிரிவுப்படி ஊழல் செயல், வாங்கிக்கறவங்களும் குத்தவாளிங்கதான். மதத்தைச் சொல்லி ஓட்டு கேக்கறதும் அதே பிரிவுலதான் வருது, அதனால பிரசங்க மேடையிலேருந்து இன்னாருக்குப் போடுங்கன்னு யாரையும் சொல்ல விடாதீங்க. தனி ஆள் 500 ரூபா வாங்கினா அவன் ஒருத்தன் மனசாட்சியைத்தான் வித்தான், கமிட்டி சுவர் வாங்கினா கேக்காமலே எல்லார் ஓட்டையும் வித்துடறாங்க, அதுல விதவைங்க, முதல் தடவ ஓட்டு போடற பசங்க எல்லாரும் இருக்காங்க. நாளைக்கு ஊர்ல ஒரு அநியாயம் நடந்து அதே ஆளைப் போய்க் கேக்கணும்னா எந்த வாயால கேப்பீங்க?

அடுத்த கூட்டத்துல வேணாம்னு நீங்களே எழுந்து சொல்லுங்க, சொன்னதை மினிட்ஸ் புக்குல எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டோம்னா உங்க கையெழுத்தோட ஒரு கடிதமா குடுங்க. சுவர் உண்மையிலேயே வேணும்னா எலக்ஷன் முடிஞ்சதும் ஜெயிச்சவர் யாரா இருந்தாலும் அவர்கிட்ட ஊர் சார்பா முறையா மனு குடுங்க, பக்கத்துச் சுடுகாட்டுக்கும் சேர்த்தே கேளுங்க, அவங்களுக்கும் மழைக்காலத்துல அதே வழியில தண்ணி நிக்குது. அதுவரைக்கும் அறுப்புப் பண்டிகைக் காணிக்கையில ஒரு பங்கை ஒதுக்கி மாடு உள்ள வராம முள்கம்பி போட்டுக்கலாம்.